கிரெம்லன்-பிசேத்ரில் ஓர் அமீர் அலி

லு கிரெம்லன்-பிசேத்ர், பிரான்ஸ்
12 ஜனவரி 1991

அன்புள்ள ராத்தாவுக்கு,

தம்பி கபீர் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் உயிரோடும் உடல் சுகத்தோடும் இருக்கிறேன். நீயும் உஸ்மாவும் சுகமா? பிள்ளைக்கு இப்போது ஐந்தரை வயது இருக்கும். மழலை போய்விட்டதா?

இரண்டு வருடம் நாலு மாதம் கழித்து எழுதுகிறேன் என்று தெரியும். தாய்லாந்து எல்லையில் இருந்தவரை ஒரு வரி அனுப்பவும் வழியில்லை. போன மே மாதம்தான் இங்கே வந்து சேர்ந்தேன். காரைக்கால்காரர் ஒருவர், பெயர் பீர் முகைதீன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். பதில் எழுதினால் உறையின் மேல் அவர் பெயரை மட்டும் எழுது. என் பெயர் வேண்டாம். அங்கே தபாலை யார் யாரோ பிரிக்கிறார்கள்.

இந்த ஊர் பாரிஸின் தெற்கு ஓரத்தை ஒட்டி இருக்கிறது. மெட்ரோவில் வந்து இறங்கி, பலகையில் கிரெம்லன் என்று படித்ததும் ரஷ்யாவுக்கு வந்துவிட்டேனோ என்று பயந்துவிட்டேன். பிரெஞ்சு சொல்லித்தரும் டீச்சரம்மா கதை சொன்னார். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரி உண்டு. நெப்போலியன் காலத்தில் மாஸ்கோ வரை சண்டைக்குப் போய், பனியில் கை கால் விரல்களைப் பறிகொடுத்துத் திரும்பிய சிப்பாய்களை அதில் வைத்துப் பார்த்தார்களாம். அவர்கள் குடிக்க வரும் சாராயக்கடைக்காரன் வியாபாரத்துக்காக ‘கிரெம்லன் சார்ஜென்ட்’ என்று பலகை மாட்டினான். நாளடைவில் கடையைச் சுற்றியிருந்த தெருக்களுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். தோற்றுப்போன சண்டையின் பெயரில் ஓர் ஊர்! சொன்னால் நீ சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சானிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா? எழுது.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

உன் தம்பி
கபீர்

----

தாமுவே, யாங்கோன்
3 மார்ச் 1991

தம்பி கபீருக்கு,

உன் ஸலாமுக்குப் பதில் ஸலாம். நானும் உஸ்மாவும் உயிரோடு இருக்கிறோம். கைகால் சுகம். அவளுக்கு மழலை போய் ஒரு வருடம் ஆகிறது. உன் உறையில் ரங்கூன் என்று எழுதியிருந்தாய். ஆங்கிலத்தில் இனி யாங்கோன் என்றுதான் எழுத வேண்டுமாம். எண்பத்தொன்பதிலேயே மாற்றிவிட்டார்கள். ஊர்ப்பெயர்க் கதை உனக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

என் புருஷனைப் பற்றி நீ என்னிடமா கேட்கிறாய்?

எண்பத்தெட்டு செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, பட்டாளம் ஆட்சியைப் பிடித்த மறுநாள் காலையில், நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வாசல் இறங்கிப் போனீர்கள். தூங்கிக்கொண்டிருந்த உன்னை எழுப்பி அனுப்பியவள் நான். “மச்சான் தனியாப் போறாரு, கூடவே போ, விட்டுட்டு வந்துடாதே” என்று சொன்னது இன்னும் என் வாயில் இருக்கிறது. அவர் சாப்பிடாமல் போனார். நீ நின்றுகொண்டே இரண்டு ரொட்டி தின்றாய். அதற்குப் பிறகு இருவரும் இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒருவன் கடிதம் போடுகிறான், அதில் முக்கால்வாசி ஒரு சாராயக்கடைக் கதை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கபீர். எங்கே போனீர்கள்? எந்த இடத்தில் பிரிந்தீர்கள்? கடைசியாக அவர் என்ன சொன்னார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுது. ஊர்ப்பெயரைப் பிறகு பார்க்கலாம்.

அலோன் துறைமுகத்தில் அவரோடு குமாஸ்தாவாக இருந்த குழந்தைவேலு அண்ணன் ஒருவர்தான் இன்றுவரை வந்து விசாரிக்கிறார். மற்றவர்கள் எங்கள் வீட்டைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் நடக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் தேசம்.

ராத்தா
சைதா

----

லு கிரெம்லன்-பிசேத்ர்
20 ஆகஸ்ட் 1991

அன்பு ராத்தா,

உன் சுகத்துக்கும் உஸ்மாவின் சுகத்துக்கும் துஆ செய்கிறேன். உன் கடிதம் ஏப்ரலிலேயே கிடைத்தது. ஹோட்டலில் வேலை அதிகம், அதனால் தாமதம்.

போட்டாதாங் பக்கம் போனோம். கூட்டமாக இருந்தது. திடீரென்று எல்லோரும் ஓடினார்கள். அந்த நெரிசலில் மச்சானைத் தவறவிட்டேன். தேடினேன், கிடைக்கவில்லை. நிறையப் பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வெளியூர்ச் சிறை எதிலாவது இருக்கலாம். நம்பிக்கையை விடாதே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஊர்ப்பெயரின் இரண்டாவது பாதிக்கும் ஒரு கதை இருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரின் பிஷப் ஒருவர் இங்கே ஒரு மாளிகை வைத்திருந்தார். அவருடைய ஊர்ப்பெயரை மாளிகைக்கும் வைத்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் வாயில் அது வின்செஸ்த்ர் ஆகி, பிசெஸ்த்ர் ஆகி, கடைசியில் பிசேத்ர் என்று நின்றுவிட்டது. பார், ஊர்ப்பெயரில் பாதி மாஸ்கோ, பாதி இங்கிலாந்து. இந்த மண்ணுக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை.

உஸ்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். அங்கே போட முடியாது என்று பிறகுதான் நினைவு வந்தது.

கபீர்

----

தாமுவே, யாங்கோன்
9 ஜூன் 1995

கபீருக்கு,

ராத்தா ஸலாம். நடுவில் நான் எழுதாமல் விட்டதற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லை. நீயும் பெருநாள் வாழ்த்து அட்டைகளுக்கு மேல் எழுதவில்லை. சுகமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன்.

நீ சொன்னபடி நம்பிக்கையை விடாமல் இருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை சோறும் கருவாட்டுப் பொரியலும் கட்டிக்கொண்டு சிறை வாசலுக்குப் போகிறேன். அமீர் அலி என்ற பெயரில் ஆள் இல்லை என்கிறார்கள். வெளியூரில் இரண்டு சிறைகளுக்கும் ரயிலில் போய் வந்தேன். எங்கேயும் இல்லை. இருந்தாலும் அடுத்த மாதம் போகிறேன். தாமுவே மார்க்கெட்டில் நூல், பொத்தான் கடை வைத்திருக்கிறேன். போகும் நாளில் பூட்டிவிடுவேன்.

இப்போது எழுதுவது வேறு காரியத்துக்காக. உஸ்மாவுக்குப் பத்து வயது ஆகிவிட்டது. அடையாள அட்டை எடுக்க வேண்டும். அதற்குத் தகப்பனின் அட்டை வேண்டும். ஆபீசில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீ கேட்டுக்கொள்.

“அப்பா அட்டை எங்கே?”

“அவரிடம் இருக்கிறது. சட்டைப் பையில்தான் எப்போதும் வைத்திருப்பார்.”

“அவர் எங்கே?”

“தெரியாது.”

“செத்துவிட்டாரா?”

“தெரியாது.”

“அப்போ உயிரோடு இருக்கிறாரா?”

“தெரியாது.”

அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, “அக்கா, உனக்கு என்னதான் தெரியும்?” என்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். உஸ்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இதே கேள்வியைப் போன வருடம் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் கேட்டார். தேயிலை வியாபாரி அப்துல் பாரி என்று ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், என்னை நிக்காஹ் செய்துகொள்ளக் கேட்டு ஆள் அனுப்பினார். “உம்மா, உங்க மாப்பிள்ளை இருக்காரா, மௌத்தாயிட்டாரான்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா மேலே பேசலாம்” என்றார் ஹஜ்ரத். எனக்கு அந்த ஒரு வார்த்தை தெரியவில்லை. அப்துல் பாரி காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எத்தனை நாள் காத்திருப்பார்? எனக்கு முப்பத்து நாலு வயது.

நெரிசலில் தவறவிட்டேன் என்றாய். அதற்கு முன்னால் அவர் அட்டையை உன் கையில் ஏதும் கொடுத்தாரா? யோசித்துப் பார். ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

சைதா

----

லு கிரெம்லன்-பிசேத்ர்
2 பிப்ரவரி 1996

ராத்தாவுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

அட்டையை நான் பார்க்கவில்லை. இல்லை என்று எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். குற்றவாளியைக் கேட்பதுபோல நீ ஒவ்வொரு கடிதத்திலும் என்னைக் கேட்கிறாய். எல்லையில் மலேரியாவில் கிடந்ததும், இங்கே வருடக்கணக்கில் ஐஸ் தண்ணீரில் கை வெடித்ததும் உனக்குத் தெரியாது. நானும் என்ன சுகத்தைக் கண்டேன்? எனக்கென்று அங்கே ஒரு அட்டை எப்போதாவது கொடுத்தார்களா? இருபத்திரண்டு வயது வரை எந்தக் காகிதத்திலும் என் பெயர் இருந்ததில்லை. அதை மறந்துவிடாதே.

நீ அப்துல் பாரியை நிக்காஹ் செய்துகொள்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மச்சான் இருந்தால் வருத்தப்பட மாட்டார்.

இந்த ஊர் முதலில் பக்கத்து ஊரோடு சேர்ந்திருந்ததாம். நூறு வருடத்துக்கு முன்னால்தான் பிரிந்து, தனக்கென்று இந்தப் பெயரை எழுதிக்கொண்டது. இந்த வருடம் அதற்கு நூறாவது ஆண்டு.

கபீர்

----

லு கிரெம்லன்-பிசேத்ர்
14 அக்டோபர் 1999

மரியாதைக்குரிய சகோதரி சைதா அவர்களுக்கு,

காரைக்கால் பீர் முகைதீன் ஸலாம் கூறி வரைவது. தாங்களும் மகளும் சுகமாக இருக்க ஏக இறைவனை வேண்டுகிறேன். ஒன்பது வருடமாகத் தங்கள் கடிதங்களை என் பெயரில் வாங்கி, பிரிக்காமல் தங்கள் தம்பி கையில் கொடுத்து வருகிறவன் நான். இப்போது நானே எழுத நேர்ந்தது.

தங்கள் தம்பி அமீர் அலிக்குப் போன வாரம் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் குடலில் ஆபரேஷன் நடந்தது. பயப்பட ஒன்றுமில்லை, தேறி வருகிறார். தங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். இரத்த உறவுக்குச் சொல்லாமல் இருப்பது முறையல்ல என்று அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

காய்ச்சலில் இரண்டு நாள் “மச்சான், மச்சான்” என்று அரற்றிக்கொண்டே இருந்தார். தெளிந்த பிறகு என்னவென்று கேட்டேன். அப்போதுதான், தன் மச்சான் கபீர் போட்டாதாங் படகுத்துறையில் குண்டு பட்டுத் தன் மடியிலேயே மௌத்தானதைச் சொல்லி அழுதார். இங்கே வந்த புதிதில் அகதிகள் அலுவலகத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்ததும் அந்தச் சம்பவத்தைத்தானாம். அதை வைத்துத்தான் தங்க அனுமதி கொடுத்தார்கள். போன வருடம் அமீர் அலிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வளவு பெரிய துயரம் தங்கள் குடும்பத்தில் நடந்தது எனக்கு இத்தனை நாள் தெரியாது. மர்ஹூம் கபீருக்கு இறைவன் சுவனம் அருள்வானாக. தாங்கள் பொறுமை கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பீர் முகைதீன்

----

தாமுவே, யாங்கோன்
28 நவம்பர் 1999

கபீர்,

ஸலாமைக் கடைசியில் வைக்கிறேன். முதலில் வைக்க மனம் வரவில்லை.

நீ செத்துப்போனதற்குத் துக்கம் விசாரித்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் பாவம், நல்ல மனிதர். ஐந்து முறை படித்தேன். பிறகு கபீர் என்று இருந்த இடத்தில் அமீர் அலி என்றும், அமீர் அலி என்று இருந்த இடத்தில் கபீர் என்றும் வைத்துப் படித்தேன். எல்லாம் சரியாகப் பொருந்திவிட்டது.

குழந்தைவேலு அண்ணன் சென்னைக்குப் போகிறார், இதை அங்கிருந்து தபாலில் சேர்ப்பார். அதனால் யார் பிரிப்பார்கள் என்ற பயம் இல்லாமல் எழுதுகிறேன்.

போட்டாதாங் படகுத்துறை. உன் மடியில். அது உனக்கு எப்போது தெரியும்? அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் “மச்சானிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா?” என்று எழுதினாய். அந்தக் கடிதம் இப்போது என் முன்னால் இருக்கிறது. அந்த வரியை எழுதும்போது உன் கை நடுங்கியதா என்று எழுத்தைப் பார்த்தேன். நடுங்கவில்லை. மணிமணியாக எழுதியிருக்கிறாய்.

நம்பிக்கையை விடாதே என்றாய். பதினோரு வருடம் சோறு சுமந்தேன். மழையில் அந்தச் சிறை வாசலில் நின்றிருக்கிறேன். காவல்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து, கடைசியில் இரக்கப்பட்டுச் சோற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்தான். அவன் தின்றான், கபீர். நான் பொரித்த கருவாட்டை யாரோ ஒருவன் தின்றான், நான் அவர் தின்றதாக நினைத்து வீட்டுக்கு வந்து தூங்கினேன்.

அப்துல் பாரி இரண்டு வருடம் காத்திருந்தார். பிறகு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார். அவரை நிக்காஹ் செய்துகொள் என்று நீ எழுதினாய் பார், அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நடந்திருக்கும். உனக்கு அது தெரியும். சொல்லவில்லை. ஏனென்றால் அமீர் அலி இங்கே மௌத்தானால் அங்கே நீ யார் என்று கேட்பார்கள்.

அட்டையைப் பார்க்கவில்லை என்று எழுதினாய். அந்த அட்டையைக் காட்டாமல் அவர் பெயர் உனக்கு எப்படிக் கிடைத்தது? என் பிள்ளை பத்து வயதில் வாங்கியிருக்க வேண்டியதை நீ வைத்துக்கொண்டு, இல்லை என்று எழுதினாய்.

யாரோ அந்நியர்களுக்குப் பன்னிரண்டு பக்கம். எனக்குச் சாராயக்கடைக் கதையும் பிஷப் கதையும். வின்செஸ்டர் பிசேத்ர் ஆனதாம்! ஆகட்டும். அது ஊர். அதற்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, வாசலில் விளக்கு வைத்துக் காத்திருக்க ஆள் இல்லை. யார் பெயரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மனுஷன் எடுக்கலாமா?

எனக்கு மூன்று வேண்டும். அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் இருப்பது, உண்மையான பெயர்களோடு. அவருடைய அட்டை. ஹஜ்ரத்திடம் காட்ட, அவர் மௌத்தான நாளையும் இடத்தையும் சொல்லி, உன் சொந்தப் பெயரில் கையெழுத்து.

பீர் முகைதீன் அண்ணனுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. நீயே சொல்.

ஸலாம் சொல்லாமல் கடிதம் முடிக்க நம் வாப்பா என்னை வளர்க்கவில்லை. ஸலாம்.

சைதா

----

தாமுவே, யாங்கோன்
16 ஜூலை 2002

கபீர் மாமாவுக்கு,

ஸலாம். நான் உஸ்மா எழுதுறேன். எனக்குத் தமிழ் எழுத சரியா வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். தப்பு இருந்தா சிரிக்காதீங்க. நீங்க சுகமா இருக்கீங்களா?

உம்மா இப்ப உங்களுக்கு எழுத மாட்டாங்க. ரெண்டு வருஷமா தபால்காரர் வந்தா எழுந்து போய் நின்னாங்க. இந்த வருஷம் நிக்கிறதையும் விட்டுட்டாங்க. போன பெருநாளுக்கு ஒரு பார்சல் வந்துச்சு. உள்ள கடிதம் இல்லன்னு தடவிப் பார்த்துட்டு, பிரிக்காமலே குழந்தைவேலு பெரியப்பா வீட்டுல குடுத்துட்டாங்க.

நான் பத்தாவது பாஸ் பண்ணிட்டேன். மூணு பாடத்துல நல்ல மார்க். யுனிவர்சிட்டில சேர அட்டை கேக்குறாங்க. வருஷம் தாண்டிப் போச்சுன்னா சேர முடியாது. பள்ளிக்கூடத்துல இந்த நாட்டுப் பேரு, மா கின் ஸோ. வீட்டுல உஸ்மா. ரெண்டு பேரு இருந்தும் ஒண்ணுக்கும் அட்டை இல்ல.

எனக்கு வாப்பா முகம் ஞாபகம் இல்ல. வீட்டுல கல்யாண போட்டோ ஒண்ணு இருக்கு, அதுல பாதி பூஞ்சை பிடிச்சிருக்கு. அந்த அட்டைல ஒரு போட்டோ இருக்கும்ல?

எங்க வாப்பா பேரு உங்ககிட்ட இருக்குன்னு உம்மா சொன்னாங்க. பேர நீங்க வச்சுக்கங்க மாமா. அட்டைய குடுங்க.

நான் எழுதினது உம்மாவுக்குத் தெரியாது.

உஸ்மா

----

லு கிரெம்லன்-பிசேத்ர்
11 ஆகஸ்ட் 2002

ராத்தா,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை. உஸ்மாவின் கடிதம் கிடைத்தது. அட்டை இதோடு இருக்கிறது; தபாலில் போடாமல், அங்கே வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழிக்காமல் முழுவதும் படி.

அன்று மச்சான் போனது ஊர்வலத்துக்கு அல்ல. துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கமிட்டியின் பெயர்ப் பட்டியல் போட்டாதாங்கில் ஒருவர் வீட்டில் இருந்தது. சிப்பாய்கள் கையில் சிக்குவதற்கு முன் அதை எரித்துவிடப் போனார். எரித்தும்விட்டோம். திரும்பி வரும்போது படகுத்துறைச் சாலையில் ஒரு பட்டாளத்து லாரி திரும்பியது. எச்சரிக்கை ஏதும் இல்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் நான் ஓடினேன். அவர் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்திருந்தார். வயிற்றில் பட்டிருந்தது.

ஒரு கிடங்கின் சுவர் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. “சட்டைப் பையில அட்டை இருக்கு, எடுத்துக்க. அது அவங்க கையில கிடைச்சா வீட்டுக்குத்தான் வருவாங்க. சைதாகிட்ட குடுத்துடு” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். கையில் மழைத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். கலிமா சொல்லிக்கொடுத்தேன். பாதி சொன்னார். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மௌத்தானார்.

லாரி திரும்பி வந்தது. நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். அவரைக் கையையும் காலையும் பிடித்து ஏற்றினார்கள். அந்த லாரியில் இன்னும் பலர் கிடந்தார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. இதைத்தான் என்னால் உன்னிடம் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டு வராதே என்று சொல்லி அனுப்பினாய். விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அங்கிருந்து தாமுவே மூன்று மைல். அன்று மாலையே வந்து உன் கையில் அட்டையைக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு படகு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது, ஏறிவிட்டேன். பிரான்ஸ் வரை வந்துவிட்டேன், அந்த மூன்று மைல் மட்டும் வர முடியவில்லை.

இங்கே அலுவலகத்தில் பெயர் கேட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே காகிதம் அவருடைய அட்டை. மொழிபெயர்க்க வந்தவன், “காகிதம் இல்லாத ஆளைத் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றான். அட்டையை மேசை மேல் வைத்தேன். அந்த நிமிடத்தில் கெட்ட எண்ணம் இல்லை. பயம்தான். ஆனால் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வருடமும் தெரிந்தே செய்தேன். அதை மறைக்க மாட்டேன்.

பிரெஞ்சு வகுப்பில் ஒரு நாள் டீச்சரம்மா, அவரவர் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லச் சொன்னார். எல்லோரும் சொன்னார்கள். என் முறை வந்தபோது, “என் பெயர் வேண்டாம், இந்த ஊர்ப்பெயர் எங்கிருந்து வந்தது, சொல்லுங்கள்” என்றேன். அப்படித்தான் அந்தக் கதைகள் கிடைத்தன. உனக்குப் பொய் இல்லாமல் எழுத என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1999 கடைசியில் உன் கடிதம் வந்தபோது எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். பெண் பெயர் தஸ்லீமா, காரைக்கால் குடும்பம். அவளிடமும் சொல்லவில்லை. அமீர் அலி என்ற பெயரில்தான் நிக்காஹ் நடந்தது. ஒரு மகன், நிஹால், ஒன்றரை வயது. அவன் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் அமீர் அலி. போன வாரம்தான் தஸ்லீமாவிடமும் பீர் முகைதீன் அண்ணனிடமும் சொன்னேன். அவள் அழுதாள். அவர் மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே அலுவலகத்தில் சொன்னால் எல்லாம் போய்விடும், பிள்ளையின் காகிதமும் போகும். சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நீ கேட்ட கையெழுத்துத் தனித் தாளில் இருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் என் பெயரை முழுதாக எழுதியது இதுதான் முதல் தடவை.

கபீர்

----

தாமுவே, யாங்கோன்
7 பிப்ரவரி 2003

கபீருக்கு,

சைதா எழுதுவது. நாங்கள் சுகம். உன் மனைவியும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அட்டை வந்தது. உஸ்மா முதலில் போட்டோவைத்தான் பார்த்தாள். “இவ்வளவு சின்ன வயசா?” என்றாள். அவருக்கு அதில் இருபத்தாறு வயது. மடிப்பில் ஒரு கறை இருக்கிறது. அது என்ன என்று நீ எழுதவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை.

உன் கையெழுத்துத் தாளை எடுத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். புருஷன் மௌத்தானால் பெண் ஒதுங்கித் துக்கம் காக்கும் இத்தாவுக்கு எந்த நாளில் உட்கார வேண்டும் என்று கேட்டேன்.

“வேண்டியதில்லை உம்மா. மௌத்தான நாளிலிருந்துதான் அது கணக்கு. நாலு மாசம் பத்து நாள். உங்களுக்கு எண்பத்தொன்பது ஜனவரியிலேயே முடிஞ்சுபோச்சு.”

“அப்ப நான் எப்ப அழுறது, ஹஜ்ரத்?”

பாவம், கிதாபில் அதற்கு இடம் இல்லை. எண்பத்தொன்பது ஜனவரியில் நான் உஸ்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறை வாசல் வரிசையில் நின்றேன். என் துக்கத்தின் நாள் முழுவதும் எனக்குத் தெரியாமலே முடிந்துபோனது. நீ அவர் பெயரை எடுத்தாய், அது எல்லோருக்கும் தெரியும்படியான திருட்டு. இதை எடுத்தது யாருக்கும் தெரியாது. நான் சொல்லித்தான் உனக்கே தெரிகிறது.

பயந்தேன் என்று எழுதியிருந்தாய். அந்தச் சுவர் ஓரத்தில் நீ பயந்ததை நான் மன்னித்துவிட்டேன், இது சத்தியம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, நான்தான் எழுப்பி அனுப்பினேன். படகில் ஏறியதையும் மன்னிக்கிறேன். பிறகு பத்து வருடம் மேசையில் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்து, சுகமா என்று எழுதினாயே, அதை என்னால் முடியவில்லை. முயன்று பார்த்தேன். தொழுகையில் உட்கார்ந்தும் பார்த்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

ஆபீசுக்கு நாலு முறை நடந்தோம். முன்பு என்னைப் பார்த்து வரிசையையே சிரிக்க வைத்தவன் இப்போது இல்லை, வேறு ஆள். “தகப்பன்?” என்றான். “மௌத்தாயிட்டார். பத்தொன்பது செப்டம்பர், எண்பத்தெட்டு” என்றேன். தேதியைக் கேட்டதும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எப்படி என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டான். போன மாதம் உஸ்மாவுக்கு அட்டை வந்தது. அந்த வருடம் போய்விட்டது, வரும் வருடம் சேர்கிறாள். சட்டம் படிக்கப் போகிறாளாம். யாரைக் கேட்டு முடிவு செய்தாள் என்று தெரியவில்லை.

உன் மகன் கதையை அவளிடம் சொன்னேன். “அப்ப காகிதத்துல அவன் எனக்குத் தம்பியா, உம்மா?” என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பெயர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் கேட்பான். அப்போது ஊர்ப்பெயர்க் கதை சொல்லி ஏமாற்றாதே. போட்டாதாங்கிலிருந்து ஆரம்பி.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலில் அவருக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். மையித்து கண்ணெதிரில் இல்லாமல், மௌத்தானவருக்காகத் தொழுகிற இறுதித் தொழுகை. ஹஜ்ரத் ஒலிபெருக்கியில் அமீர் அலி என்று பெயர் சொன்னார். பதினாலு வருடமாகத் தெருவின் அந்தப் பக்கம் நடந்தவர்களும் வரிசையில் நின்றார்களாம். பெண்கள் பக்கத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை, குழந்தைவேலு அண்ணன் வாசலில் நின்று எண்ணிவிட்டு வந்து சொன்னார், ஏழு வரிசை. வீட்டுக்கு வந்து நெய்ச்சோறு ஆக்கினேன். அன்றுதான் அழுதேன். ஹஜ்ரத்தின் கணக்கை நான் கேட்கவில்லை.

ஆகையால் அமீர் அலி என்ற பெயருக்கு இங்கே தொழுகை முடிந்துவிட்டது. அந்த ஊரில் அந்தப் பெயரோடு நடமாடுகிறவர் யாரோ, எனக்குத் தெரியாது. அவரிடமிருந்து பார்சலோ பெருநாள் அட்டையோ வந்தால் வாங்க மாட்டேன்.

கபீர் என்று எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் உயிரோடு இருந்தால், உறையின் மேல் தன் பெயரைப் போட்டு எழுதட்டும். பிரிப்பதா வேண்டாமா என்று அப்போது பார்க்கிறேன்.

ஸலாம்.

மர்ஹூம் அமீர் அலியின் மனைவி
சைதா